சேடர் தட்டில் ஆரஞ்சு எதற்கு?

பாஸ்டன்வாசி: பக்கத்து வீட்டு யூதக் குடும்பம் சேடருக்கு, அதாவது எகிப்து அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதைக் கொண்டாடும் பெசாக் பண்டிகை விருந்துக்கு, அழைத்திருந்தார்கள். தட்டில் எலும்பு, முட்டை, கசப்புக் கீரை எல்லாம் சரி, நடுவில் ஒரு ஆரஞ்சு! அந்தப் பாட்டியிடம் கேட்கக் கூச்சம். யாருக்காவது தெரியுமா?

கடுகு: யூத ஆலயத்தில் பெண் மேடையேறுவது சேடர் தட்டில் ஆரஞ்சு வைப்பது மாதிரி என்று ஒரு ஆள் திட்டினாராம். அதற்குப் பதிலடி.

நியூஜெர்சி மருமகள்: கடுகு சொல்வது பரவலான கதை, ஆனால் நடந்ததில்லை. ஆரஞ்சை வைத்தவர் சூசன்னா ஹெஷல், 1980களில். 1965இல் செல்மாவில் கறுப்பர் வாக்குரிமைப் பேரணியில் மார்ட்டின் லூதர் கிங்கோடு நடந்த ரப்பை (யூத மதகுரு) ஹெஷலின் மகள். ஒதுக்கப்பட்ட ஓரினக் காதலர்களுக்காக வைத்தார். வெறுப்பைத் துப்புவதாக விதைகளைத் துப்பச் சொன்னார். ஊர்க்கதையோ அவர்களை விட்டுவிட்டு, இல்லாத ஒரு ஆளின் வாயில் யோசனையைப் போட்டுவிட்டது. சூசன்னாவுக்கே அதில் வருத்தம்.

எங்கள் வீட்டில் எலியா தீர்க்கதரிசிக்கு வைன் கிண்ணம், பக்கத்திலேயே மோசேயின் அக்கா மிரியாமுக்குத் தண்ணீர்க் கிண்ணம். எகிப்தின் மேல் விழுந்த பத்து வாதைகளுக்கும் விரலால் வைனைத் தொட்டுத் தட்டில் சொட்டு வைப்போம். நாத்தனார் அதோடு நிறுத்த மாட்டாள். வீட்டு வேலை செய்யும் பெண்களின் கூலி பாக்கிக்கும் ஒரு சொட்டு. மாமனார் முகம் சுளிப்பார். பெசாக்கில் புளித்த ரொட்டி வீட்டில் இருக்கக் கூடாது என்று வாரம் முழுக்க அலமாரி இடுக்கில் ரொட்டித் துகள் தேடிக் கழுவித் துடைத்த மாமியாரோ, "இன்னும் ரெண்டு சொட்டு வை" என்பார்.

பாஸ்டன்வாசி: நன்றி அக்கா. எங்களுக்கு வந்தது விதையில்லாத ஆரஞ்சு. எதைத் துப்புவது?