குளிக்கிற நேரத்தில் சார்ஜ் போட்டால் போதுமாம்!

மலைக்கோட்டை_ஓட்டக்காரன் (காலை 6:42)

"எந்த வாட்ச் வாங்கலாம்" இழையில் ஓ.எம்.ஆர்_ஷிவா நேற்று ராத்திரி எழுதியது இது: "பேட்டரி பேட்டரி என்று புலம்புகிறவர்கள் ஸ்மார்ட் வாட்ச்சைக் கட்டியே பார்க்காதவர்கள். காலையில் குளிக்கிற நேரத்தில் சார்ஜில் போட்டால் போதும், நாள் முழுக்க ஓடும்."

யார் கட்டியே பார்க்காதவன்? நான் 2016-இலிருந்து கட்டுகிறேன், இப்போது கையில் இருப்பது 4-வது. விடிகாலையில் ஓடிவிட்டு வந்து ஒரு வாளித் தண்ணீரில் குளித்து 7:10 பஸ்ஸைப் பிடிக்கிற ஆள். என் குளியல் 5 நிமிடம். 5 நிமிடத்தில் எந்த வாட்ச்சுக்கு ஒரு நாள் சார்ஜ் ஏறும்? அங்கே கேட்டால் மற்ற பேச்சில் அமுங்கிவிடும் என்றுதான் தனி இழையாகப் போட்டேன். ஷிவா பதில் சொல்லட்டும்.

ஓ.எம்.ஆர்_ஷிவா (காலை 8:15)

அண்ணே, என்னுடையது ஆப்பிள் சீரிஸ் 10. அரை மணி நேரத்தில் 80 சதவீதம் ஏறும் என்று கம்பெனி சொல்கிறது, நானும் தினமும் பார்க்கிறேன். இரவு தூக்கத்தை அளந்துவிட்டுக் காலையில் 20-இல் நிற்கும். குளித்து, தலை துவட்டி, இட்லி சாப்பிட்டுக் கிளம்பும்போது 90 ஆகிவிடும். அலுவலகத்தில் போன் பைக்குள் கிடக்கும். மகளின் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் மணிக்கட்டில் தட்டும். எனக்கு அது போதும். இதில் நீங்கள் கோபப்பட என்ன இருக்கிறது?

மலைக்கோட்டை_ஓட்டக்காரன் (காலை 8:31)

நேற்று "குளிக்கிற நேரம்". இன்றைக்கு அதில் இட்லியும் சேர்ந்துவிட்டது. நாளைக்கு பேப்பர் படிக்கிற நேரமும் சேரும். எழுதியதில் நில்லுங்கள் ஷிவா.

ஆப்பிளின் முதல் வாட்ச் 2015-இல் வந்தபோது 18 மணி நேரம் என்றார்கள். 2024-இல் வந்த உங்கள் சீரிஸ் 10-க்கும் அதே 18 மணி நேரம்தான். நாளுக்கு 24 மணி நேரம். மீதி 6 மணி நேரத்துக்கு யார் பொறுப்பு?

என் கையில் இருப்பது கார்மின் ஃபோர்ரன்னர் 55. 2 வாரம் என்று போட்டிருக்கிறான். வாரம் 4 நாள் ஜி.பி.எஸ் போட்டு ஓடுகிற எனக்கு 8, 9 நாள் வருகிறது. ஞாயிறு சாயங்காலம் ஒருமுறை சார்ஜ், அதோடு சரி.

பட்ஜெட்_பாண்டி (காலை 9:05)

பெரிய வாட்ச்காரர்கள் சண்டையில் நானும் வருகிறேன். நான் உணவு டெலிவரி பார்க்கிறேன். என் வாட்ச் 1,800 ரூபாய். மழையில் போனைப் பாலிதீன் உறைக்குள் கட்டி வண்டியில் மாட்டியிருப்பேன், விரல் ஈரமாக இருந்தால் திரை கேட்காது. யார் கூப்பிடுகிறார்கள் என்று கையைத் திருப்பினாலே தெரியும், அப்படியே பேசியும் விடுவேன். பெட்டியில் 7 நாள் என்று போட்டிருந்தது. ப்ளூடூத்தில் பேச ஆரம்பித்தால் ஒன்றரை நாள். ஆனாலும் பிழைப்புக்கு உதவுகிறது. இதில் பிரஷர், சுகர் எல்லாம் வேறு காட்டுகிறது. 40,000 ரூபாய் வாட்ச்சில் சுகர் வருமா ஷிவா சார்?

ஓ.எம்.ஆர்_ஷிவா (காலை 9:20)

வராது பாண்டி. வராது என்பதை ஒளிக்காமல் சொல்கிறான்.

ஓட்டக்காரன் அண்ணே, உங்கள் வாட்ச்சில் வருகிற வாட்ஸ்அப் செய்திக்கு அதிலேயே பதில் எழுத முடியுமா? ஆபத்து நேரத்தில் போன் இல்லாமல் அழைக்க முடியுமா? ஒன்றுமே செய்யாத கருவிக்கு ஒன்பது நாள் என்ன, ஒன்பது மாதம்கூட வரும். அதற்குப் பேர் ஸ்மார்ட் வாட்ச் இல்லை.

மலைக்கோட்டை_ஓட்டக்காரன் (காலை 9:44)

இதைத்தான் எதிர்பார்த்தேன். உங்கள் பேட்டரி தாங்கவில்லை என்று சொன்னால் உடனே "உன்னுடையது வாட்ச்சே இல்லை".

என்னுடையது ஏன் தாங்குகிறது என்று சொல்கிறேன், கேளுங்கள். இன்றைக்குப் பல போன்களில் 5,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி. கையில் கட்டுவதில் பெரும்பாலும் 200-இலிருந்து 400-க்குள். அந்தச் சின்ன டப்பாவை வைத்துக்கொண்டு போன் செய்கிற வேலையெல்லாம் செய்யச் சொன்னால் அது எங்கே போகும்? உங்களுடையது ஓ.எல்.இ.டி திரை, தானே ஒளி விடுகிறது. என்னுடையது வெயிலின் ஒளியையே திருப்பி அனுப்பிக் காட்டுகிற திரை. படம் மாறாதவரை அதற்குக் கரண்ட் மிகக் குறைவாகத்தான் வேண்டும். உச்சி வெயிலில் உங்கள் திரை கண்ணைக் கூசும்படி எரிய வேண்டும். என்னுடையது வெயில் ஏற ஏறத் தெளிவாகும். நம் ஊர் வெயிலுக்கு எது பொருத்தம்?

2013-இலேயே பெபிள் என்ற வாட்ச் இதை நிரூபித்தது. அதற்காக 2012-இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் மக்கள் 1 கோடி டாலருக்கு மேல் போட்டார்கள். மின்தாள் திரை, 7 நாள் பேட்டரி. செய்தியும் காட்டியது, செயலியும் ஓடியது. 2016-இல் ஃபிட்பிட் அதை வாங்கி மூடியது. அன்றைக்கு அது ஸ்மார்ட் வாட்ச் இல்லையென்றால் வேறு எது?

நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. 5 நிமிடக் குளியலில் எவ்வளவு ஏறும்?

மட்டுறுத்துநர்_2 (காலை 10:02)

நண்பர்களே, "ஸ்மார்ட் வாட்ச்" என்று எதைச் சொல்கிறீர்கள், "ஒரு நாள்" என்பது எந்த மாதிரியான பயன்பாடு என்று முதலில் முடிவு செய்துகொண்டால் பேச வசதியாக இருக்கும்.

மலைக்கோட்டை_ஓட்டக்காரன் (காலை 10:04)

அதெல்லாம் அப்புறம். முதலில் குளியல்.

சாவி_கொடுத்தவன் (காலை 10:50)

ஓசூரில் 31 வருடம் கைக்கடிகாரம் பழுது பார்த்தவன் நான். டாட்டாவும் தமிழக அரசின் டிட்கோ நிறுவனமும் சேர்ந்து 1984-இல் டைட்டனைத் தொடங்கி இங்கே ஆலை வைத்ததிலிருந்து இந்த ஊரே கடிகாரத்தில் சோறு தின்கிறது. என் அப்பா எச்.எம்.டி. ஜனதா கட்டியிருந்தார். தினமும் காலையில் ரேடியோவில் செய்தி வருமுன் சாவி கொடுப்பார். ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை. தினமும் சார்ஜ் போடுவதா என்று இன்றைக்குக் குதிக்கிறவர்கள் அந்தக் காலத்தில் என்ன செய்திருப்பார்கள்? அந்த விஷயத்தில் ஷிவா பக்கம்தான் நான்.

ஆனால் இரண்டு பேருக்கும் ஒன்று சொல்கிறேன். அந்த ஜனதா இன்றும் என் மேசையில் ஓடுகிறது. உங்களுடையது 5 வருடம் கழித்து எங்கே இருக்கும்? பேட்டரி மாற்றலாம் என்று கொண்டுவருகிறார்கள். கண்ணில் லென்ஸைச் சொருகிக்கொண்டு பார்த்தால் முழுக்கப் பசை போட்டு ஒட்டியிருக்கிறான். சூடு காட்டிப் பிரித்தால் திரை விரிசல் விடுகிறது. காசியோ எஃப்-91டபிள்யூ 1989-இல் வந்தது, ஒரு பேட்டரி 7 வருடம். பின்னால் நாலு திருகு, எவன் வேண்டுமானாலும் மாற்றலாம்.

மலைக்கோட்டை_ஓட்டக்காரன் (முற்பகல் 11:15)

ஐயா, சாவி கொடுக்க 20 விநாடி. கையில் கட்டிக்கொண்டேகூடக் கொடுக்கலாம். சாவி கொடுக்க உங்கள் அப்பா சுவரில் பிளக் தேடினாரா? ஊருக்குப் போகும்போது மறக்காமல் எடுத்துப்போக வேண்டிய தனி ஒயர் இருந்ததா? கம்பெனிக்குக் கம்பெனி சார்ஜர் வேறு, பெரும்பாலும் ஒன்று இன்னொன்றுக்குப் பொருந்தாது.

போன வருடம் பவர் பேங்க் இழையில் உங்களைப் "பழைய பஞ்சாங்கம்" என்று சொன்னேன், அதை மனதில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் நிற்கிறீர்கள்.

சாவி_கொடுத்தவன் (முற்பகல் 11:22)

மனதில் இருக்கத்தான் செய்கிறது. அந்த இழையில் நீங்கள் பேசிய பவர் பேங்க் ஆறு மாதத்தில் உப்பிப் போனதையும் நீங்கள்தானே வந்து எழுதினீர்கள்?

மலைக்கோட்டை_ஓட்டக்காரன் (முற்பகல் 11:25)

அது வேறு விஷயம். இழையைத் திருப்பாதீர்கள்.

நைட்_ட்யூட்டி (மதியம் 1:40)

இப்போதுதான் எழுந்தேன். நான் ஐ.சி.யூ. நர்ஸ். எங்கள் வார்டில் முழங்கைக்குக் கீழே எதுவும் கட்டக்கூடாது, கிருமி பரவும். அதனால் வேலை நேரத்தில் வாட்ச் என் லாக்கரில்தான். எனக்கு அது உதவுவது ஒரே இடத்தில். பகலில் தூங்கும்போது குழந்தை பக்கத்தில் படுத்திருப்பான். அலாரம் மணிக்கட்டில் மட்டும் அதிரும், அவன் விழிக்க மாட்டான். அதற்கு 18 மணி நேரமும் போதும், 2 வாரமும் போதும்.

நான் வந்தது பாண்டி தம்பிக்காக. தம்பி, அந்த சுகர் எண்ணை நம்பாதீர்கள். குத்தாமல் சர்க்கரை அளக்கும் வாட்ச், மோதிரம் எதற்கும் அனுமதி தரவில்லை, நம்பி மருந்தை மாற்றாதீர்கள் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. பிரஷரும் அப்படித்தான். சாம்சங்கில் அந்த வசதிக்கு 28 நாளைக்கு ஒருமுறை கைப்பட்டைக் கருவியோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும். உங்கள் வாட்ச் எப்போதாவது அப்படிக் கேட்டதா? என் தம்பியும் இதே விலையில் ஒன்று வைத்திருந்தான். அதைச் சுருட்டிய துண்டின் மேல் கட்டினேன். நாடி 72, பிரஷர் 118/76 என்று காட்டியது. துண்டுக்கு!

பட்ஜெட்_பாண்டி (மதியம் 2:10)

அக்கா, என் அம்மாவுக்கு அதில்தான் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். சுகர் அம்மாவுக்கு 140, எனக்கு 110 என்று வேறு வேறாகத்தானே காட்டியது. துண்டில் யாராவது கட்டுவார்களா? கையில் கட்டினால் சரியாகக் காட்டும்.

நைட்_ட்யூட்டி (மதியம் 2:16)

தம்பி, கெஞ்சிக் கேட்கிறேன். அம்மாவுக்கு ஒரு குளுக்கோமீட்டர் வாங்கிக் கொடுங்கள்.

ஓ.எம்.ஆர்_ஷிவா (மதியம் 2:30)

இதனால்தான் காசு கொடுத்து நல்லது வாங்க வேண்டும் என்கிறேன். சீரிஸ் 4-இலிருந்து ஈ.சி.ஜி. இருக்கிறது, கீழே விழுந்தால் கண்டுபிடிக்கிறது. என் மாமனாருக்கு இதயத்துடிப்பு சீராக இல்லை என்று முதலில் காட்டியது வாட்ச்தான், டாக்டர் அப்புறம்தான் உறுதி செய்தார்.

நைட்_ட்யூட்டி (மதியம் 2:38)

அது நல்லதுதான் சார். ஆனால் அது இதயத்தை ஒரே கோணத்தில் மட்டும் பார்க்கிற ஒற்றைத் தட ஈ.சி.ஜி. மாரடைப்பைக் கண்டுபிடிக்காது என்று ஆப்பிளே எழுதியிருக்கிறது. நெஞ்சு வலி வந்தால் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள்.

மலைக்கோட்டை_ஓட்டக்காரன் (மதியம் 2:45)

சுகர், ஈ.சி.ஜி. எல்லாம் இருக்கட்டும். விழுந்ததைக் கண்டுபிடிக்கிற வாட்ச், விழுகிற நேரத்தில் சார்ஜரில் கிடந்தால்? வயதானவர்கள் குளியலறையில் வழுக்கி விழுவது சகஜம். ஷிவா சொல்வதுபோல் குளிக்கிற நேரத்தில் கழற்றி வைத்தால் சரியாக அந்த நேரத்தில்தான் கையில் இருக்காது. இதற்கு என்ன பதில்?

ஓ.எம்.ஆர்_ஷிவா (மாலை 4:05)

மாமனார் இரவு சாப்பிடும்போது சார்ஜ் போடுவார். குளிக்கும்போது கட்டியிருப்பார். எல்லோரும் காலையில்தான் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லையே.

மலைக்கோட்டை_ஓட்டக்காரன் (மாலை 4:07)

"காலையில் குளிக்கிற நேரத்தில்" என்பது உங்கள் வரி. மேலே இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

கொக்குவில்_குமரன் (மாலை 5:30)

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். 2022 மார்ச் கடைசியில் எங்கட நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. கரண்ட் வருகிற நேரத்தில் போனுக்குப் போடுவதா, விளக்குக்குப் போடுவதா என்று வீட்டில் வரிசை. அந்த வரிசையில் மணிக்கூட்டுக்கு இடமே இல்லை. என்னுடையது மேசை லாச்சிக்குள்ளேயே கிடந்தது. எடுத்துப் பார்த்தபோது பின்பக்கப் பின்களில் வியர்வை உப்பு பச்சையாகப் படிந்திருந்தது. பழைய பல் துலக்கியில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்தும் சார்ஜ் ஏறவில்லை. அதோடு விட்டுவிட்டேன். தினமும் கரண்ட் இருக்கும் என்று நம்புகிறவர்களுக்குத்தான் தினமும் சார்ஜ் செய்கிற மணிக்கூடு.

மலைக்கோட்டை_ஓட்டக்காரன் (மாலை 5:41)

குமரன் சொன்னதுதான் சத்தியமான பேச்சு.

என் கதையையும் சொல்கிறேன், கம்பெனி பேர் வேண்டாம். என் முதல் முழு மாரத்தான். கிளம்பும்போது 96 சதவீதம். 34-வது கிலோமீட்டரில் கையைத் திருப்பிப் பார்க்கிறேன், கறுப்பு. ஆறு மாதம் நாலரை மணிக்கு எழுந்து பயிற்சி செய்த ஓட்டத்தின் கடைசி 8 கிலோமீட்டர் எங்கேயும் பதிவாகவில்லை. குளிக்கிற நேரத்தில் சார்ஜ் போட்டால் போதும் என்று யாராவது சொன்னால் அந்தக் கறுப்புத் திரைதான் என் கண் முன்னால் வருகிறது.

இன்னொன்று. 1,000 முழுச் சார்ஜுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு இருக்கும்படி செய்திருக்கிறோம் என்கிறது ஆப்பிள். தினமும் முக்கால்வாசி ஏற்றினாலும் நாலு வருடத்துக்குள் 1,000 ஆகிவிடும். அப்புறம் உங்கள் 18 மணி நேரம் பதினாலரை. என்னுடையதை வருடத்துக்கு 52 தடவைதான் சார்ஜ் செய்கிறேன்.

ஓ.எம்.ஆர்_ஷிவா (மாலை 6:20)

மாரத்தான் ஓடுகிறவர் மாரத்தான் வாட்ச் வாங்க வேண்டும். அதை எவன் மறுத்தான்? சீரிஸ் 11-க்கு இப்போது 24 மணி நேரம் என்று கொடுத்திருக்கிறான், ஆப்பிளின் பெரிய வாட்ச்சான அல்ட்ராவுக்கு முதல் மாடலிலேயே 36. அதையெல்லாம் விட்டுவிட்டு என் ஒரே வரியைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

சாவி_கொடுத்தவன் (மாலை 6:45)

31 வருடத்தில் "என் கடிகாரம் தப்பு" என்று சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை. இரண்டு பேரும் கடையில் வந்து நின்றிருந்தால் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

ஓ.எம்.ஆர்_ஷிவா (மறுநாள் காலை 7:20)

சரி, வைத்தே பார்த்துவிட்டேன். 6:50-க்கு 22 சதவீதம். சார்ஜில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். 7:04-க்கு வந்து பார்த்தேன், 58. வெறும் குளியல், இட்லி இல்லை. போதுமா?

மலைக்கோட்டை_ஓட்டக்காரன் (மறுநாள் காலை 7:26)

14 நிமிடம் குளித்திருக்கிறீர்கள். நான் கேட்டது 5 நிமிடக் குளியல். அதுவும் நேற்று 90 என்றீர்கள், வந்தது 58. வாளியா ஷவரா என்றும் எழுதவில்லை.

ஓ.எம்.ஆர்_ஷிவா (மறுநாள் காலை 7:31)

ஷவர். வாட்ச்சுக்கும் ஷவருக்கும் என்ன சம்பந்தம்?

மலைக்கோட்டை_ஓட்டக்காரன் (மறுநாள் காலை 7:33)

இருக்கிறது. பஸ்ஸில் ஏறிவிட்டேன், ஆபீஸ் போய் எழுதுகிறேன்.