எட்டு போடும்போது கால் ஊனிடுறேன், வர்ற செவ்வாய் பைக் லைசென்ஸ் டெஸ்ட், ஏதாவது வழி சொல்லுங்க

மதுரைக்காரி:
எல்எல்ஆர் எடுத்து ரெண்டு மாசம் ஆச்சு. வீட்டுக்காரரோட ஸ்ப்ளெண்டர்லதான் பழகுறேன், நேர் ரோட்ல பயமே இல்ல. எட்டு போட்டா மட்டும் ரெண்டாவது வளைவுல வண்டி சாயுற மாதிரி தோணுது, நான் யோசிக்கிறதுக்குள்ள இடது கால் தரைக்கு போயிடுது. எங்க அண்ணன் வேற பேசாம ஸ்கூட்டில போட்டுட்டு வந்துடுங்கிறான், அப்படி பண்ணலாமா?

பழைய புல்லட்:
முன் டயரை பாக்குறீங்களா? அப்ப கால் கண்டிப்பா போகும். வளைவுல நுழையும்போதே வண்டி எங்க வெளிய வரணுமோ அங்க தலையை திருப்புங்க, ஹேண்டில் பின்னாடியே வரும். ஃபர்ஸ்ட் கியர், கிளட்சை முழுசா விடாதீங்க, ஆக்சிலேட்டர் லேசா ஒரே சீரா, வேகம் கூடுனா பின் பிரேக்கை மட்டும் தொடுங்க. ஹேண்டில் திரும்பி இருக்கும்போது முன் பிரேக்கை பிடிச்சா அவ்ளோதான், பொத்துனு விழுவீங்க. முதல்ல செங்கல் வச்சு பெரிய எட்டா போடுங்க, பழகப் பழக செங்கலை உள்ள தள்ளிக்கிட்டே வாங்க.

கோவை குசும்பன்:
ஸ்கூட்டில போடலாம், ஆனா லைசென்ஸ்ல கியர் இல்லாத வண்டினுதான் வரும், அப்புறம் ஸ்ப்ளெண்டருக்குனு இன்னொரு தடவை அலையணும். நம்ம கதைய கேளுங்க, எட்டை அம்சமா போட்டுட்டு கடைசி வளைவு முடிஞ்ச சந்தோஷத்துல கோட்டை தாண்டுறதுக்கு முன்னாடியே கால ஊனிட்டேன், பிரேக் இன்ஸ்பெக்டர் சிரிச்சுக்கிட்டே ஃபெயில் போட்டுட்டார். ஃபெயில் ஆனா 7 நாள் கழிச்சுதான் மறுபடி போக முடியும். மூணு தடவையும் போச்சுன்னா 60 நாள் காத்திருக்கணும். அதனால அவர் போதும்னு சொல்ற வரைக்கும் ரெண்டு காலும் மேலயே இருக்கட்டும்.

பழைய புல்லட்:
ஆர்சி, இன்சூரன்ஸ், புகை சர்டிஃபிகேட் எல்லாம் இப்பவே தேதி பாத்து வச்சுக்கங்க. முன்னாடியும் பின்னாடியும் எல் போர்டு, ஹெல்மெட்டுக்கு ஸ்ட்ராப் போடணும், சும்மா கவுத்துக்கிட்டு போகக்கூடாது.

மதுரைக்காரி:
சாயங்காலம் கிரவுண்ட்ல பசங்களோட ஸ்டம்ப்பை கடன் வாங்கி நட்டு ஓட்டி பாத்தேன், தலையை திருப்புனதும் நாலாவது தடவை கால் ஊனாம சுத்திட்டேன்!! ஒரு ஸ்டம்ப் போச்சு, அது தனி கதை. ஒரே ஒரு டவுட், சேலையா சுடிதாரா?

கோவை குசும்பன்:
சுடிதார். துப்பட்டாவ வீட்லயே வச்சுட்டு போங்க.