கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்து மூன்று வருடம் கழித்து அப்பாவுக்கு மறதி: மறுபடியும் அதே நோயா?

கோபி மகள்:
வணக்கமுங்க. கோபிச்செட்டிபாளையம் பக்கம் மஞ்சள் விவசாயக் குடும்பம். 2021-ல் அப்பாவுக்கு மூக்குக்குப் பின்னால் புற்றுநோய். 35 நாள் கரண்ட் வைத்தோம், கட்டி கரைந்தது. மூன்று வருடம் நன்றாக இருந்தார். அப்புறம்தான் ஆரம்பித்தது. பேசும்போதே பத்து நொடி அப்படியே உறைந்து நிற்கிறார். மஞ்சள் வேகவைத்து முடித்து, கொப்பரையைக் கழுவிக் கவிழ்த்த பிறகும் "மஞ்சள் தீயற வாசம் வருது பாரு" என்கிறார். இருபது வருடத்துக்கு முந்தைய ஈரோட்டு மண்டி விலை ஞாபகம் இருக்கிறது, காலையில் சாப்பிட்டது இல்லை.

ஸ்கேனில் இரண்டு காதுக்கும் மேலே மூளையில் வீக்கம். ஒரு டாக்டர் நோய் திரும்பியிருக்கலாம் என்கிறார், இன்னொருவர் கரண்டின் பின்விளைவு என்கிறார். இத்தனை வருடம் கழித்துமா வரும்? "இனி ஆஸ்பத்திரி வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பாருங்க" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

பெருந்துறைக்காரர்:
அம்மிணி, விட்டுவிடாதீங்க. என் வீட்டுக்காரிக்கு மூளைக்கட்டிக்குக் கரண்ட் வைத்து 14 மாதம் கழித்து இதேதான். மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேனில் கட்டியும், கரண்டால் செத்த திசுவும் ஒரே மாதிரி வெள்ளையாகத் தெரியும். ரத்த ஓட்டம் பார்க்கும் பெர்ஃபியூஷன் ஸ்கேன் எடுக்க முடியுமா என்று கேளுங்க. கட்டியில் பெரும்பாலும் ஓட்டம் கூடுதல், செத்த இடத்தில் குறைவு. எங்களுக்கு அதில்தான் தெளிந்தது. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்ததும் வீக்கம் வடிந்து நடந்தாள். ஆனால் சர்க்கரை 380-க்கு ஏறிவிட்டது, அதையும் பார்க்கணும். அந்த மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது.

திருப்பூர் நர்ஸ்:
கரண்ட் பிரிவில் வேலை பார்க்கிறேன். அப்பா உறைந்து நிற்பதும், இல்லாத வாசமும் வலிப்பாக இருக்கலாம். கை கால் இழுத்தால்தான் வலிப்பு என்றில்லை. உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், அதுவரை வண்டி ஓட்டவும் கிணற்றுப் பக்கம் தனியாகப் போகவும் விடாதீர்கள்.

மூக்குக்குப் பின்னால் வைக்கும் கரண்ட் மூளையின் அந்தப் பக்கவாட்டையும் தொடும். அங்குள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் மெல்ல மெல்லத்தான் கெடும், அதனால் பல வருடம் கழித்தும் வரும். பழைய கரண்ட் பிளானை வாங்கி, வீக்கம் இருக்கும் இடத்தில் எவ்வளவு டோஸ் விழுந்தது என்று ஒப்பிடச் சொல்லுங்கள். ஹார்மோன்களைக் கட்டுப்படுத்தும் பிட்யூட்டரி சுரப்பியும் அருகில்தான், அதனால் தைராய்டு, கார்டிசால் ஹார்மோன் அளவும் பார்க்கணும். ஸ்டீராய்டுக்கு அடங்காவிட்டால் பெவாசிசுமாப் ஊசி உண்டு. ரத்தக் கசிவு ஆபத்து இருப்பதால் எல்லோருக்கும் போட மாட்டார்கள்.

கோபி மகள்:
ரொம்ப நன்றிங்க. மொபெட் சாவியை எடுத்து வைத்துவிட்டேன். அப்பா கோபத்தில் பேசவில்லை, சரி, இருக்கட்டும். பழைய பிளானுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை கூட்டிப் போகிறேன், வந்து எழுதுகிறேன்.