கூரை போட்டுக் கொடுத்தவருக்கு நாற்காலியும் உண்டா?

சிப்புட் மணி:
ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்துக் கோயிலின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம்தான், கோயில் பெயர் வேண்டாம். மண்டபத்துக்குப் புதுக் கூரை போட மொத்தச் செலவையும் ஏற்றுக்கொண்ட காண்ட்ராக்டரை, ஓட்டே எடுக்காமல் நிர்வாகத்தில் சேர்த்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டதற்குச் செயலாளர், "விக்கிப்பீடியாவை நடத்துகிறவர்களே காசு கொடுத்தவருக்கு இடம் கொடுத்தார்கள், நாம் என்ன அவர்களைவிடப் பெரிய ஆளா?" என்றார். கூட்டமே கச்சானைக் கொறித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டது. அவர் சொன்னது உண்மையா?

கட்டுரைப்பித்தன்:
உண்மைதான் அண்ணே, ஆனால் பாதி. 2009 ஆகஸ்டில், ஈபே என்ற இணையச் சந்தையைத் தொடங்கிய பியேர் ஒமிடியாரின் முதலீட்டு அமைப்பான ஒமிடியார் நெட்வொர்க், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறவாரியத்துக்கு இரண்டு ஆண்டுகளில் 2 மில்லியன் டாலர்வரை தருவதாக அறிவித்தது. அங்கே பங்காளராக இருந்த மாட் ஹால்ப்ரின் அறங்காவலர் குழுவில் சேர்கிறார் என்ற செய்தியும் கூடவே வந்தது. காசும் நாற்காலியும் ஒரே லாரியில் வந்து இறங்கின. அதுதான் உறுத்தியது.

மீதிப் பாதி இது: குழுவில் அப்போது பத்து இடம். அதில் நான்கு, குறிப்பிட்ட துறை தெரிந்தவர்களைக் குழுவே பார்த்து நியமிப்பதற்கானவை. ஹால்ப்ரினுக்குக் கிடைத்தது அந்த நான்கில் ஒன்று. விக்கிப்பீடியாவில் எழுதும் தொண்டர்கள் தேர்ந்தெடுக்கும் இடத்தை யாரும் பிடுங்கவில்லை.

கணக்குப்பிள்ளை:
அப்படியானால் தப்பு எங்கே? நான் வேறொரு கோயிலில் பதினோரு வருடம் பொருளாளர். சொந்தக் காசைப் போட்டவன்தான் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். மற்றவர்கள் "சரி சரி, அடுத்த விஷயம்" என்று வடைக்குப் போய்விடுவார்கள். ஹால்ப்ரின் ஈபேயில் நம்பகம், பாதுகாப்புப் பிரிவைப் பார்த்தவர். தொழில் தெரிந்த ஆள் காசோடு வந்தால் கதவைச் சாத்துவீர்களா? அதற்கு முந்தின வருடம், 2008இல், ஸ்லோன் அறக்கட்டளை 3 மில்லியன் டாலர் கொடுத்ததே, அதற்கு யாருக்கும் நாற்காலி போடவில்லை. காசுக்குத்தான் இடம் என்றால் அவர்களுக்கு அல்லவா முதலில் போட்டிருக்க வேண்டும்?

லயத்து விஜி:
அதே ஸ்லோன் கதையை நான் வேறு மாதிரிப் படிக்கிறேன் ஐயா. நாற்காலி கேட்காமலே 3 மில்லியன் கொடுக்க ஆள் இருந்திருக்கிறது. அப்புறம் 2 மில்லியனுக்கு எதற்கு நாற்காலி?

என் தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டங்களை வெள்ளைக்காரக் கம்பெனிகள் துண்டுபோட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு நூறு வெள்ளி, மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். தாத்தா கட்டிய ரசீதுகள் இன்னும் எங்கள் வீட்டு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன, ஒட்டுப்பால் கறை படிந்த விரல் ரேகையோடு. அந்தப் பத்துப் பத்து வெள்ளியில்தான் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. அதுதான் கூட்டுறவு. கூடுதல் காசு போட்டவர் கூடுதலாகக் கை தூக்க முடியாது.

கணக்குப்பிள்ளை:
ரசீதை எடுத்துப் பிரேம் போடம்மா, பத்திரமாக இருக்கட்டும். ஆனால் அது உறுப்பினர்களுக்குச் சொந்தமான சங்கம். விக்கிமீடியா அறவாரியத்தில் சட்டப்படி உறுப்பினர் என்று ஒருவருமே கிடையாது. தொண்டர்கள் ஓட்டுப் போட்டாலும், ஜெயித்தவரைக் குழு நியமித்த பிறகுதான் அவர் உள்ளே போக முடியும். இல்லாத உரிமை பறிபோனது என்று எப்படிச் சொல்வது?

லயத்து விஜி:
அங்கே உறுப்பினர் இல்லை. மணி அண்ணன் கோயிலில் சந்தா கட்டுகிற உறுப்பினர்கள் இருக்கிறார்களே. பிறகு செயலாளர் எதற்கு அந்த உதாரணத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்?

கட்டுரைப்பித்தன்:
இது சரியான அடி. 😄

உறுப்பினர் இல்லாவிட்டாலும் ஆட்களுக்கு வாய் இல்லாமல் போகவில்லை. 2016 ஜனவரியில் ஆர்னன் கெஷுரி என்பவரை விக்கிமீடியா குழு நியமித்தது. இது நன்கொடை விவகாரம் இல்லை. அவர் முன்பு கூகுளில் ஆள் சேர்ப்புப் பொறுப்பில் இருந்தவர். ஒருவர் ஊழியரை இன்னொருவர் வேலைக்கு அழைக்கக் கூடாது என்று சிலிக்கான் பள்ளத்தாக்குக் கம்பெனிகள் செய்துகொண்ட ஒப்பந்த வழக்கில் அவர் பெயரும் அடிபட்டது. விக்கிப்பீடியாவில் எழுதும் தொகுப்பாளர்கள் நம்பிக்கையில்லா ஓட்டெடுப்பு நடத்தினார்கள். அந்த ஓட்டுக்குச் சட்ட வலு கிடையாது. ஆனாலும் அந்த மாதம் முடிவதற்குள் அவர் விலகிவிட்டார்.

சிப்புட் மணி:
நேற்று கோயில் சட்டவிதி நகலை வாங்கிப் பார்த்தேன். நிர்வாகம் இரண்டு பேரை நியமித்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. ஆக, செய்தது விதிப்படிதான். எனக்கே கொஞ்சம் வெட்கமாகப் போயிற்று.

ஆனால் இன்னொன்று தெரியவந்தது. கோயிலுக்குப் புதுக் கழிப்பறை கட்டப் போகிறார்கள். வந்திருக்கும் மூன்று கொட்டேஷனில் ஒன்று இவருடையது.

கணக்குப்பிள்ளை:
அடடா. இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? அந்தப் பேச்சு வரும்போது அவர் அறையில் இருக்கக் கூடாது. கூரை போட்டவரானாலும் சரி, கோபுரமே கட்டியவரானாலும் சரி. அவர் எழுந்து வெளியே போனார் என்று கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.

லயத்து விஜி:
போவாரா அண்ணே?

சிப்புட் மணி:
கூட்டம் வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு, அவர் போட்ட கூரைக்குக் கீழேதான். வெளியே போகச் சொல்லி வாயைத் திறக்க வேண்டிய ஆள் யார் என்று இப்போதுதான் பேசிக்கொண்டிருக்கிறோம்.