பையனுக்கு ராக்கெட் ஆசை: சிங்கப்பூரில் குழுவோடு போய் ராக்கெட், கிளைடர் விட்டவர்கள் இருக்கிறீர்களா?

பொங்கோல் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். என் மகன் தொடக்கநிலை 5 படிக்கிறான். 2023-இல் சந்திரயான்-3 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியதைத் தாத்தாவோடு உட்கார்ந்து பார்த்தவன். அன்று பிடித்த ராக்கெட் பைத்தியம் இன்னும் தெளியவில்லை. போன மாதம் டாலஸில் இருக்கும் அத்தை மகன் ஒரு வீடியோ அனுப்பினான். அட்டைக் குழாயில் செய்த குட்டி ராக்கெட் புகை விட்டுக்கொண்டு சர்ரென்று மேலே போய், பாராசூட் விரித்து இறங்குகிறது. இவனுக்கும் அதே வேண்டுமாம். இணையத்தில் மோட்டார் வாங்கித் தரச் சொல்லி ஒரே பிடிவாதம்.

மாதிரி விமானம் விடும் ஒரு குழு வரும் சனிக்கிழமை காலை பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வதாகத் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். தண்ணீர் ராக்கெட்டும், கையால் வீசும் கிளைடரும் (மோட்டார் இல்லாமல் மிதக்கும் குட்டி விமானம்) விடுவார்களாம். "தண்ணியா? அது பொம்மை" என்று இவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான்.

நிஜ மோட்டார் ராக்கெட்டை இங்கே விடவே முடியாதா? தண்ணீர் ராக்கெட் பதினோரு வயதுப் பையனுக்கு அலுத்துவிடாதா? பாதுகாப்பு எப்படி? வீட்டுக்காரருக்கு அன்று வேலை. நானும் மாமியாரும்தான் கூட்டிப் போகவேண்டும், எங்கள் இருவருக்கும் இதில் ஒன்றும் தெரியாது. என்ன எடுத்துக்கொண்டு போவது, வெயில் எத்தனை மணிவரை தாங்கும் என்றும் சொல்லுங்கள்.

ஜூரோங் அப்பா:

என் மகள் பள்ளிக் குழுவோடு அமேசிங் ஃபிளையிங் மெஷின் போட்டிக்குப் போனவள். தற்காப்பு ஆய்வு செய்யும் டிஎஸ்ஓ ஆய்வுக்கூடமும் அறிவியல் நிலையமும் சேர்ந்து நடத்துவது அது. மோட்டார் இல்லாத கிளைடருக்கென்றே அதில் தனிப் பிரிவு உண்டு. அவளும் முதலில் ட்ரோன்தான் வேண்டும் என்றாள். ஆனால் கிளைடரைக் கையில் எடுத்த பிறகு வீடு முழுக்க மெல்லிய நுரை அட்டையும் பசை நாடாவும்தான். தயங்காமல் கூட்டிப் போங்கள் அக்கா. தொப்பியும் கொசு மருந்தும் கட்டாயம், புல்லில் மண்டியிட்டே பாதி நேரம் போய்விடும்.

பழைய மெக்கானிக்:

தங்கச்சி, நான் சிலேத்தாரில் விமானப் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சனிக்கிழமை காலைகளில் நீங்கள் சொன்ன அந்தக் குழுவோடுதான் இருப்பேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். அந்த வீடியோவில் உள்ள மோட்டாருக்குள் இருப்பது இறுக்கி அடைத்த கருமருந்து. இங்கே அது வெடிபொருள் கணக்கில் வரும், காவல்துறை உரிமம் இல்லாமல் இறக்குமதி செய்ய முடியாது. தீபாவளிப் பட்டாசுக்கே 1972-இல் சட்டம் போட்டுத் தடுத்த ஊர் இது. தம்பி எவ்வளவு கெஞ்சினாலும் ஆர்டர் போட்டுவிடாதீர்கள்.

ஆனால் தண்ணீர் ராக்கெட்டைப் பொம்மை என்றானே, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஸ்ரீஹரிகோட்டாவில் கிளம்பியதும் இதுவும் ஒரே விதியில்தான் ஓடுகின்றன. எதையாவது வேகமாகப் பின்னால் தள்ளினால் முன்னால் போவாய், அவ்வளவுதான். அங்கே தள்ளப்படுவது எரிந்த வாயு, இங்கே தண்ணீர். ஒன்றரை லிட்டர் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, சைக்கிள் பம்பால் காற்றடித்து விடுகிறோம். தண்ணீரே இல்லாமல் காற்று மட்டும் என்றால் பின்னால் தள்ள எடை போதாது, எழும்பிய சுருக்கில் விழும். நிறைய ஊற்றினால் அழுத்தம் சேர இடமில்லை, கனத்துப்போய்க் கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிடும். தம்பியையே வெவ்வேறு அளவு ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், எழுதிவைக்க ஒரு நோட்டும் கொடுங்கள். தண்ணீர் முழுதும் வெளியேற ஒரு விநாடிகூட ஆகாது. நாங்கள் 4 பார் அழுத்தத்துக்கு மேல் காற்று அடிப்பதில்லை. அதற்கே பத்து மாடி உயரம் போகும்.

போத்தல் வாயுப்பானம் வந்த போத்தலாக இருக்கவேண்டும். குடிதண்ணீர்ப் போத்தல் மெலிது, அழுத்தம் தாங்காது. இறக்கைகளைச் சூடான பசைத் துப்பாக்கியால் ஒட்டவேண்டாம், சூட்டில் அந்த இடத்தில் பிளாஸ்டிக் இளகிப் பலவீனமாகிவிடும். இரட்டைப் பக்கப் பசை நாடா போதும். மூக்கில் பாதியாக வெட்டிய டென்னிஸ் பந்து. எங்கும் உலோகம் கூடாது. செய்து முடித்ததும் ஒரு சோதனை உண்டு. ராக்கெட் சமநிலையில் நிற்கும் இடத்தில் கயிறு கட்டித் தலைக்கு மேலே சுழற்றவேண்டும். மூக்கு முன்னால் பார்த்தபடி சுற்றினால் மேலேயும் நேராகப் போகும். குறுக்கே திரும்பினால் மூக்கில் எடை கூட்டவேண்டும், இல்லையென்றால் இறக்கையைப் பெரிதாக்கவேண்டும். எடை மையம் முன்னாலும் காற்று அழுத்தும் மையம் பின்னாலும் இருக்கவேண்டும் என்ற பாடம் அந்த ஒரு சுழற்றலிலேயே பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

ஏவும்போது எல்லாரும் எல்லைக் கயிற்றுக்குப் பின்னால்தான் நிற்கவேண்டும். காற்று ஏறிய போத்தல் பக்கம் பெரியவர்கள்கூடப் போகக் கூடாது. போத்தலைப் பிடித்திருக்கும் சுருக்கைத் தூரத்திலிருந்து இழுத்து விடுவோம். எண்ணுவது பிள்ளைகள் வேலை. போன தடவை ஒரு சிறுமி "ஐந்து, நான்கு, மூன்று" என்று கணீரென்று தமிழில் தொடங்கினாள். சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் அப்படியே கூடச் சேர்ந்து எண்ணினார்கள்.

ராக்கெட் விழுந்தவுடன் தம்பியை ஓடிப்போய் எடுக்கச் சொல்லி, போத்தலுக்குள் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே வெள்ளையாகப் பனி மாதிரி ஒரு புகை நிற்கும். பல பிள்ளைகள் அதை நெருப்புப் புகை என்றே நினைப்பார்கள். அடைபட்டிருந்த காற்று சட்டென்று விரிந்ததால் குளிர்ந்தது, குளிர்ந்ததால் உள்ளே இருந்த ஈரம் துளித்துளியாகத் திரண்டது. அது ஒரு மேகம்தான், சின்னதாக. நிமிர்ந்து பார்த்தால் பத்தரை மணி வானத்தில் பஞ்சுப் பொதிகள் கிளம்பிக்கொண்டிருக்கும். அவையும் இதே வழியில்தான் உண்டாகின்றன. வெயிலில் சூடான காற்று மேலே ஏறுகிறது, ஏற ஏற அழுத்தம் குறைந்து விரிகிறது, குளிர்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிள்ளைக்குக் கிளைடர் பாதி புரிந்துவிடும். அந்த ஏறும் காற்றில்தானே அது மிதக்கப்போகிறது.

என்னைக் கேட்டால் அன்றைய பொழுதின் உயிரே கிளைடர்தான். பால்சா என்ற மிக லேசான மரத்தில் செய்தது, இரண்டு சாண் அகலம்கூட இருக்காது. கையில் கொடுத்தவுடன் பிள்ளைகள் பலமாக வீசத்தான் பார்ப்பார்கள். முதலில் வேண்டியது மெதுவான வீச்சு. தோள் உயரத்தில் மட்டமாகப் பிடித்து, கொஞ்ச தூரத்தில் தெரியும் புல்லைப் பார்த்துத் தள்ளிவிட்டாற்போல் விடவேண்டும். மூக்கைக் குத்திக்கொண்டு விழுந்தால் மூக்கில் ஒட்டியிருக்கும் களிமண்ணில் ஒரு சிட்டிகை கிள்ளி எடுக்கவேண்டும். தலையைத் தூக்கி, ஒரு கணம் நின்று, பொத்தென்று சரிந்தால் ஒரு சிட்டிகை ஒட்டவேண்டும். சிட்டிகை என்றால் நிஜமாகவே மிளகு அளவுதான். கட்டைவிரல் நகத்தால் சுரண்டி, ஒட்டி, வீசி, எடுத்துவந்து, மறுபடி சுரண்டி என்று பிள்ளைகள் பனி ஈரப் புல்லில் மண்டியிட்டுக் கிடப்பார்கள். திடீரென்று ஒரு வீச்சில் அது தரைக்கு இணையாக, சத்தமே இல்லாமல் போய்க்கொண்டே இருக்கும். அந்த நேரம் பையன் முகத்தைப் பாருங்கள், மோட்டார் பேச்சு அதோடு போய்விடும். பெற்றோருக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: அந்தக் களிமண்ணைத் தொடாதீர்கள். அவனே கண்டுபிடிக்கட்டும்.

நம் ஊர் ஈரத்தில் பால்சா முறுக்கிக்கொள்ளும். காரின் பின்சீட்டில் போட்டுவிட்டுப் போகாமல் அட்டைப் பெட்டியில் தட்டையாக வையுங்கள். இறக்கை முறுக்கியிருந்தால் வாயால் சூடாக ஊதி, எதிர்ப்பக்கம் லேசாகத் திருகிப் பிடித்தால் சரியாகிவிடும். இறக்கையில் உங்கள் கைப்பேசி எண்ணையும் எழுதிவிடுங்கள். ஏறும் காற்று கிடைத்துவிட்டால் அது மரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். போட்டிகளில் விடும் கிளைடர்களுக்கு இதற்காகவே நேரக் கருவி வைத்து, குறித்த நேரத்தில் வாலை மேலே தூக்கவிட்டு இறங்க வைப்பார்கள்.

காலை ஏழரைக்கே வந்துவிடுங்கள். எட்டு முதல் பத்து வரை காற்று அசையாது, கிளைடரைச் சரிசெய்ய அதைவிட நல்ல நேரம் இல்லை. அதற்குப் பிறகு காற்று ஏறத் தொடங்கும், ராக்கெட்டுக்கு அந்த நேரம் போதும். பதினொன்றரைக்குக் கிளம்பிவிடலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து காற்றும் மழையும் அடித்துக்கொண்டு வரும். அன்று கிளம்புமுன் வானிலைக்கு மைஎன்வி செயலியைப் பாருங்கள். மின்னல் எச்சரிக்கை வந்தால் நாங்களும் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடுவோம்.

ஜூரோங் அப்பா:

அண்ணே, ரிமோட் வைத்த கிளைடருக்கு விதி என்ன? அடுத்து அதைத்தான் கேட்பாள் மகள்.

பழைய மெக்கானிக்:

ட்ரோனுக்கு உள்ள விதிதான் தம்பி. 250 கிராமுக்கு மேல் என்றால் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தில் பதிவு செய்யவேண்டும். பதிவு செய்பவருக்கு 16 வயதாவது ஆகியிருக்கவேண்டும். 200 அடி, அதாவது 60 மீட்டருக்கு மேல் போவதற்கும், விமான நிலையம் அல்லது விமானப்படைத் தளத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் பறக்கவிடுவதற்கும் அனுமதி வேண்டும். சாங்கி, சிலேத்தார், பாய லேபார், தெங்கா, செம்பவாங் என்று ஐந்து வட்டம் போட்டால் தீவில் மீதி எவ்வளவு இருக்கும் என்று பாருங்கள். ஒன்மேப் என்ற இணைய வரைபடத்தில் இடத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள், குழுவோடு போனால் இன்னும் நல்லது.

ஹூஸ்டனிலிருந்து திரும்பியவன்:

அக்கா, அந்த வீடியோவில் உள்ள மாதிரி ராக்கெட்டை நான் அங்கே வேலை பார்த்தபோது விட்டிருக்கிறேன், தம்பிக்குச் சொல்லுங்கள். மோட்டார்மேல் ஏ8-3 என்று அச்சடித்திருக்கும். எழுத்து, மோட்டார் எரிந்து முடிவதற்குள் தரும் மொத்த உந்தலின் அளவு (விசையையும் அது நீடிக்கும் நேரத்தையும் பெருக்கினால் வருவது), ஏ-விலிருந்து பி, பி-யிலிருந்து சி என்று ஒவ்வொன்றுக்கும் உச்ச அளவு இரட்டிப்பாகும். 8 என்பது சராசரி உந்துவிசை, நியூட்டனில். 3 என்பது மருந்து எரிந்து முடிந்து பாராசூட்டைத் தள்ளும் வரை உள்ள விநாடிகள். மின்சாரப் பொத்தானில்தான் ஏவவேண்டும், சாவியைப் போட்டால்தான் பொத்தான் வேலை செய்யும். பற்றவில்லை என்றால் சாவியை எடுத்துவிட்டு, ஒரு நிமிடம் முழுதாகக் காத்திருந்த பிறகுதான் யாரும் பக்கத்தில் போகலாம்.

அங்கே எனக்கு ரொம்பப் பிடித்தது, ராக்கெட்டாக மேலே போய்க் கிளைடராக இறங்கும் வகை. மேலே போவது சில விநாடிதான். மருந்து தீர்ந்ததும் மோட்டார் பகுதி பிரிந்துவிட, இறக்கையுள்ள பகுதி வட்டம் போட்டுக்கொண்டே இறங்கும். அது நன்றாக மிதப்பதற்கும் அண்ணன் சொன்ன அதே களிமண் வேலைதான். அதனால் தம்பி சனிக்கிழமை கற்பது எதுவும் வீண் போகாது. மோட்டார் இல்லாத கிட் வெறும் அட்டைக் குழாயும் பால்சாவும்தான், கட்டி ஒட்டி வர்ணம் பூசப் பிடிக்கும் என்றால் அதைச் செய்யலாம். வீட்டுப் பக்கத்துத் திடலில் விட, காலால் மிதித்துக் காற்றடிக்கும் காகித ராக்கெட் இருக்கிறது.

பொங்கோல் அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. போத்தலுக்குள் மேகம் வரும் என்று படித்துக் காட்டினேன். "நிஜமாவா?" என்று கேட்டுவிட்டு மறுசுழற்சித் தொட்டியைக் குடைந்து இரண்டு போத்தல் எடுத்து வைத்திருக்கிறான். மெக்கானிக் அண்ணே, மாமியாருக்கு முழங்கால் வலி, உட்கார இடம் இருக்குமா? திடலில் தண்ணீர் கிடைக்குமா?

பழைய மெக்கானிக்:

மடக்கு நாற்காலி ஒன்று கொண்டுவாருங்கள், கூடாரத்துக்குள் போட்டுக்கொள்ளலாம். கிளைடர் கீழே விழும்வரை எத்தனை விநாடி மிதந்தது என்று நேரம் பார்க்க எங்களுக்கு எப்போதும் ஆள் தேவை. அந்த வேலையை உங்கள் மாமியாரிடம் கொடுத்துவிடுவோம், ஸ்டாப்வாட்ச் நான் தருகிறேன். ராக்கெட்டுக்கான தண்ணீர் குழாயில் பிடித்துக்கொள்ளலாம், குடிக்க மட்டும் எடுத்துவாருங்கள். போத்தலின் லேபிளைக் கிழித்து, உள்ளே நன்றாகக் கழுவிவிடச் சொல்லுங்கள். நசுங்கியோ கீறல் விழுந்தோ இருந்தால் அந்தப் போத்தல் வேண்டாம், என்னிடம் வேறு இருக்கிறது.