கால்சியம் ரியாக்டருக்கு மாறியதும் ஆல்கலினிட்டி விழுகிறது

திருகோணமலை உப்புவெளியில் வீட்டில் 400 லீட்டர் பவளத் தொட்டி. இரண்டு வருடமாகக் கால்சியம், கார்பனேட் கரைசல்களை டோசிங் பம்பில் விட்டேன். பவளங்கள் வளர வளர ஆல்கலினிட்டி, அதாவது நீரிலுள்ள கார்பனேட்டின் அளவு, ஒரு நாளைக்கு 1.3 டிகேஎச் (அதை அளக்கும் அலகு) குறைந்தது. கரைசல் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை, பழைய கால்சியம் ரியாக்டர் (கார்பன் டைஆக்சைட் விட்டு நீரின் பிஎச்சை இறக்கி, சுண்ணாம்புக் கல்லைக் கரைத்துத் தொட்டிக்குத் தரும் கருவி) ஒன்றை வாங்கினேன்.

டோசிங்கை நிறுத்தி மூன்றே நாளில் 8.2 டிகேஎச் 6.7 ஆகிவிட்டது. அக்ரோபோரா பவளங்களின் நுனிகள் வெளிறத் தொடங்கின. பயந்துபோய் அரைவாசி டோசிங்கைத் திரும்பப் போட்டேன், இப்போது 6.9.

ரியாக்டர் உள்ளே பிஎச் 6.6. உள்ளே கரைவதற்கு 4 கிலோ அரகோனைட் (சுண்ணாம்புக் கல் வகை). நிமிடத்துக்கு 40 மில்லி வெளியேறுகிறது, அந்த நீரே 13 டிகேஎச்தான். 20க்கு மேல் வரும் என்று நினைத்திருந்தேன்.

பிஎச் புரோபை 7, 4 கரைசல்களில் சரிபார்த்தாயிற்று. ஓட்டத்தைப் பாதியாக்கினேன், 14.5 வந்தது. ஆனால் மொத்த வரவு குறைந்ததே மிச்சம். கரையில் கிடக்கும் பவளக் கல்லைப் போடச் சொன்னார் ஒருவர். பவளப் பாறைகளுக்காகப் பாதுகாக்கப்படும் தேசியப் பூங்காவான புறாத்தீவுப் பக்கம் இருந்துகொண்டு அந்த வேலைக்கு நான் இல்லை.

பிஎச்சை 6.4க்கு இறக்கலாம்தான். ஆனால் விடியற்காலையில் தொட்டி பிஎச் ஏற்கனவே 7.7, கார்பன் டைஆக்சைட் கூடினால் இன்னும் விழுமே.

நீங்களாக இருந்தால் முதலில் அரகோனைட்டை மாற்றுவீர்களா, பிஎச்சை இறக்குவீர்களா?