கடித்தட ஸ்கேன்களை ஒப்பிட உதவி தேவை

வணக்கம். தடயவியல் பல் மருத்துவத்தில் கடித்தட ஒப்பீடு பற்றி ஆய்வு செய்கிறேன். பல் அச்சுகளையும் மெழுகுத் தகட்டில் பதித்த கடிகளையும் ஸ்கேன் செய்து எஸ்டிஎல் (முப்பரிமாண வடிவ) கோப்புகளாக வைத்திருக்கிறேன். முப்பரிமாண ஸ்கேன்களை ஒப்பிடும் கிளவுட்கம்பேர் மென்பொருளில் இரண்டையும் பொருத்தும்போது, தொடக்கத்தில் குறிக்கும் புள்ளிகளைப் பொறுத்து விலகல் அளவு மாறுகிறது. வெட்டுப்பல் விளிம்பா, கோரைப்பல் நுனியா, நீங்கள் எதை அடிப்படையாக வைக்கிறீர்கள்?

அப்புறம், மெழுகு போலத் தோல் அசையாமல் இருக்காது. இழுபடும், வீங்கும். ஸ்கேனர் எவ்வளவு துல்லியமானாலும் அது சரியாகாது. அரிசோனாவில் ரே குரோன் 1992இல் கடித்தடச் சாட்சியத்தால் தண்டனை பெற்று, 2002இல் டிஎன்ஏ சோதனைக்குப் பிறகே விடுதலையானார். அதைப் படித்த பிறகு, 'பொருந்துகிறது' என்று எழுதவே பயமாக இருக்கிறது. பிழை வரம்பை அறிக்கையில் எப்படிச் சொல்கிறீர்கள்? பெயர்கள் நீக்கிய மாதிரி அறிக்கை இருந்தால் தயவுசெய்து பகிருங்கள்.